கிரீன் கார்டுக்காரர் ஜூரியில் உட்காரக் கூடாதா?

ஒரு வாசகர் கேட்டது – 2024 பிப்ரவரி 4

என் மனைவிக்கு ஜூரி (வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழு) சம்மன் வந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். நான் போன வருடம் குடிமகன் ஆனேன், அவர் இன்னும் கிரீன் கார்டுதான் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி). குடிமக்கள் மட்டுமே ஜூரியில் உட்காரலாம் என்று சட்டம் இருக்கும்போது இவருக்கு ஏன் அனுப்புகிறார்கள்? அப்புறம், 2013-இல் கிரீன் கார்டுக்காரர்களையும் ஜூரியில் சேர்க்க கலிஃபோர்னியாவில் ஒரு மசோதா வந்தது, ஆளுநர் நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. ஓட்டே இல்லாதவருக்குத் தீர்ப்பு சொல்லும் வேலை எதற்கு? யாராவது மறுக்க முடியுமா?

பிப்ரவரி 4, இரவு 10.40

நான் மறுக்கிறேன். முதலில் சம்மன் விஷயம்.

கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றம் பெயர்களை எடுப்பது டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் வாக்காளர் பட்டியலிலிருந்தும். 2022 முதல் மாநில வருமான வரி கட்டுகிறவர்கள் பட்டியலும் சேர்ந்துவிட்டது. காரோட்டுகிறவரும் வரி கட்டுகிறவரும் குடிமக்கள் மட்டுமல்ல என்பதால் சம்மன் வருகிறது. படிவத்தில் ‘நான் அமெரிக்கக் குடிமகன் அல்ல’ என்ற இடத்தில் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பேசாமல் விட்டுவிட வேண்டாம், அபராதம் வரும். தவறிக்கூடக் குடிமகள் என்று எழுத வேண்டாம். நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய பொய் அது.

மசோதா பற்றி நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 5, காலை

அது உங்கள் ஊர் சம்பந்தப்பட்ட மசோதா, தெரியுமா? ஏபி 1401 என்பது அதன் எண். கொண்டுவந்தது சட்டமன்றத்தின் நீதித்துறைக் குழு. அப்போது குழுவின் தலைவர் ஃப்ரீமான்ட் உறுப்பினர் பாப் வைகவ்ஸ்கி. இரண்டு அவைகளிலும் நிறைவேறி ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மேசைக்குப் போனது. 2013 அக்டோபர் 7 அன்று மூன்றே வாக்கியத்தில் திருப்பி அனுப்பினார். ஓட்டுப் போடுவதைப் போல ஜூரிப் பணியும் குடியுரிமைக்கே உரிய உரிமை, பொறுப்பு. குடிமக்கள் அல்லாத நிரந்தரவாசிகளை இந்த மசோதா அனுமதிக்கிறது. இது சரி என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

அதே 2013-இல் அதே ஆளுநர் கையெழுத்துப் போட்ட மற்ற சட்டங்களைப் பாருங்கள். கிரீன் கார்டுக்காரர் வாக்குச்சாவடியில் ஊழியராக வேலை செய்யலாம். அனுமதியில்லாமல் இங்கே வளர்ந்தவர்கூட வக்கீலாகப் பதிவு செய்யலாம். செர்ஜியோ கார்சியா என்பவருக்கு 2014 ஜனவரி 2 அன்று மாநில உச்ச நீதிமன்றம் அதன்படிதான் உரிமம் கொடுத்தது. அதற்கப்புறம் 2023 முதல் போலீஸ்காரராகக்கூட குடியுரிமை தேவையில்லை, சட்டப்படி வேலை செய்ய அனுமதி இருந்தால் போதும்.

ஆக, கைது செய்யும் போலீஸ்காரர் குடிமகனாக இல்லாமல் இருக்கலாம். வாதாடும் வக்கீலும் அப்படியே. குற்றம் சாட்டப்பட்டவர், அடிபட்டவர், சாட்சி யாருக்கும் அந்தக் கேள்வியே இல்லை. ஜூரி உட்காரும் அந்த 12 நாற்காலிக்கு மட்டும் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள். இதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கூட்டாட்சி (மத்திய அரசின்) நீதிமன்றங்களில் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் அரசியல் சாசனமே குடிமக்கள் என்று சொல்லிவிட்டது.

பிப்ரவரி 5, மாலை

மேலே கடைசி வரி தவறு. நானே போய்ப் படித்துப் பார்த்தேன். அரசியல் சாசனத்துக்கு 1791-இல் வந்த ஆறாவது திருத்தத்தில் ‘குடிமகன்’ என்ற சொல்லே இல்லை. குற்றம் நடந்த மாநிலத்தையும் மாவட்டத்தையும் சேர்ந்த, பாரபட்சமில்லாத ஜூரி வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஊரைச் சொல்கிறது, பாஸ்போர்ட்டைச் சொல்லவில்லை. குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது, அந்த மாவட்டத்தில் ஒரு வருடம் குடியிருந்திருக்க வேண்டும், ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதெல்லாம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) இயற்றிய சட்டம். சட்டத்தை இன்னொரு சட்டத்தால் மாற்றலாம்.

இதை இத்தனை வருடம் தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். திருத்திக்கொண்டதில் என் பக்கம் வலுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 7

‘உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கோபமில்லை. ஒரு ஜூரியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு வந்துவிட்ட வழக்கு என்பதால் பேசலாம். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

கிரீன் கார்டில் இருந்த வருடங்களில் எனக்கு இரண்டு முறை சம்மன் வந்தது. இரண்டு முறையும் குறியிட்டு அனுப்பினேன், நிம்மதியாகக்கூட இருந்தது. மருந்துக் கடையில் மணிக் கணக்குக்குச் சம்பளம் எனக்கு. ஜூரிக்கு முதல் நாள் எதுவும் கிடையாது, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். யார் போவார்கள்? குடிமகள் ஆன மறு வருடம் மூன்றாவது சம்மன் வந்தது. போனேன்.

பெரிய கூடம். வரிசையாக நாற்காலிகள், சுவரில் டிவி, ஒரு மூலையில் தண்ணீர் கேன். மதியத்துக்கு மேல் பெயர் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் நாற்காலி எனக்கு. உணவகம் ஒன்றின் பின்பக்க கார் நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிகள் உரசி, பேச்சு முற்றி, கைகலப்பு. ஒருவருக்கு மூக்கில் அடி. முதலில் கை ஓங்கியது யார் என்பதே வழக்கு.

இரண்டாம் நாள் சாட்சியாக வந்தவர் அந்த உணவகத்துச் சமையற்கட்டில் வேலை செய்கிறவர். ஐம்பது வயதிருக்கும், மதுரைப் பக்கத்துப் பேச்சு. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பக்கத்தில் நின்றார். குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றிச் சாட்சி சொன்னது இது: “அண்ணன் கையே ஓங்கலைங்க. பின்னாடிதான் நகந்து போனாரு.”

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ‘என் மூத்த சகோதரர் கை ஓங்கவில்லை’ என்றார்.

என் வலது பக்கம் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். அவர் நோட்டில் ‘சகோதரர்’ என்று எழுதி, அதன் அடியில் ஒரு கோடு போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கோடும் போட்டார். அந்த இரண்டாவது கோடு விழும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூடப் பிறந்தவனுக்காகச் சாட்சி சொல்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார். அவர் மட்டுமா, மற்ற பத்துப் பேரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு?

தொடக்கத்திலேயே நீதிபதி சொல்லியிருந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பைத்தான் ஏற்க வேண்டும், மொழி தெரிந்தவர் மற்ற ஜூரிகளுக்குத் தானே மொழிபெயர்த்துச் சொல்லக் கூடாது, தவறு என்று தோன்றினால் சீட்டு எழுதி நீதிமன்றக் காவலரிடம் கொடுக்க வேண்டும். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். கை நடுங்கியது. நீதிபதி படித்தார். வக்கீல்களைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்டார்: இவர் உங்கள் தாய்க்குப் பிறந்த சகோதரரா?

சாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. “ஐயையோ, இல்லீங்க. வயசுல மூத்தவரு, அதான் அண்ணன்னு கூப்பிடுறது. வேற சொந்தமெல்லாம் கிடையாதுங்க.”

ஆசிரியை தன் இரண்டு கோடுகளையும் பொறுமையாக, ஒவ்வொன்றாக அடித்தார்.

அந்த மனிதர் குற்றமற்றவர் என்று ஒன்றரை நாள் பேசி முடிவு செய்தோம். அந்த ஒரு சொல்லால் மட்டும் அல்ல, கடை கேமராவில் பதிந்ததையும் வைத்துத்தான். ஆனால் நான் அங்கே இல்லாமல் வேறொருவர் இருந்திருந்தால்? நான் அங்கே இருக்க முடிந்தது அதற்கு முந்தைய வருடம் ஒரு கூடத்தில் வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்ததால். அந்த உறுதிமொழிக்கு முன்னாலும் எனக்கு ‘அண்ணன்’ என்றால் என்னவென்று தெரியும்.

பிப்ரவரி 8

நாற்காலியில் உட்கார்ந்தபோது நீங்கள் குடிமகள்தானே, அப்படியானால் இந்தக் கதை எதை நிரூபிக்கிறது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் கதை இதைத்தான் காட்டுகிறது: அந்த வேலைக்கு என்னைத் தகுதியாக்கியது இந்த ஊரில் வாழ்ந்ததும், கவனமாகக் கேட்டதும். குடியுரிமைச் சான்றிதழ் அந்த இரண்டையும் எனக்குக் கொடுக்கவில்லை.

ஃப்ரீமான்ட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். மசோதா வந்த காலத்தில் மாநிலம் முழுவதும் கிரீன் கார்டுக்காரர்கள் 30 லட்சத்துக்கு மேல். அத்தனை பேரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு ‘ஊர் மக்களின் ஜூரி’ என்று சொல்கிறோம்.

பிப்ரவரி 10

லண்டனிலிருந்து ஒரு அண்ணா எழுதியிருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் இருப்பது இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட். ஆனால் அங்கே ஜூரிக்குக் கூப்பிட்டார்கள், போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தாராம்.

அது எப்படி என்றால், இங்கிலாந்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், வயது 18 முதல் 75 வரை, 13 வயதுக்குப் பிறகு எப்போதாவது ஐந்து வருடம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். 1974-இன் ஜூரிச் சட்டம். காமன்வெல்த் நாட்டவர் அங்கே சட்டப்படி வசித்தால் ஓட்டுப் போடலாம், அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டோ இலங்கைப் பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர் ஜூரியிலும் உட்காரலாம். நம் ஆட்கள் எத்தனையோ பேர் அங்கே தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அதனால் இங்கிலாந்தின் நீதி எங்கே கெட்டுப்போயிற்று? நியூசிலாந்திலும் நிரந்தரவாசிகள் வாக்காளர் பட்டியலில் உண்டு, அங்கிருந்தே ஜூரிக்கும் எடுக்கிறார்கள்.

பிப்ரவரி 10, சற்று நேரத்தில்

கேள்வி கேட்டவர் உடனே பிடித்துவிட்டார். ‘அங்கே அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது. ஓட்டும் ஜூரியும் ஒன்றாகத்தான் போகும் என்ற என் வாதத்தைத்தானே நீங்கள் நிரூபித்திருக்கிறீர்கள்?’

சரிதான். ஒப்புக்கொள்கிறேன். நன்றாகப் பிடித்தீர்கள்.

அப்படியானால் ஹாங்காங்கைப் பாருங்கள். அங்கே கேட்பது 21 முதல் 65 வயது, அந்த ஊர்வாசி, நல்ல நடத்தை, வழக்கு நடக்கும் மொழி தெரிய வேண்டும். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்பதில்லை. எத்தனையோ நாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் அங்கே ஜூரியில் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் ஓட்டும் ஜூரியும் ஒன்றாகப் போனதே இல்லை. பெண்களுக்கு 1920-இல் நாடு முழுவதும் ஓட்டு வந்தது, ஜூரிக் கதவு பல மாநிலங்களில் அதற்கப்புறமும் பல காலம் மூடியே கிடந்தது. தானாக முன்வந்து எழுதிக் கொடுத்தால்தான் பெண்ணை ஜூரிக்குக் கூப்பிடுவோம் என்ற லூசியானா விதியை உச்ச நீதிமன்றம் தள்ளியது 1975-இல். இப்போது கலிஃபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறையிலிருந்து பரோலில் வந்தவருக்கு 2020 முதல் ஓட்டு உண்டு, பரோல் முடியும்வரை ஜூரி கிடையாது. ஓட்டு இருந்தும் ஜூரி இல்லாமல் இருக்கலாம் என்றால், ஓட்டு இல்லாமல் ஜூரி ஏன் இருக்கக் கூடாது? ஓட்டு என்பது நாளைக்கு என்ன சட்டம் வேண்டும் என்பது. ஜூரி என்பது நேற்று அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது. இரண்டும் வேறு வேலை.

பிப்ரவரி 11

இன்று ஞாயிறு, அதனால் பழைய சரித்திரத்துக்குள் போய்விட்டேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘பாதி மொழி ஜூரி’ என்று ஒன்று இருந்திருக்கிறது! 1353-இலேயே இங்கிலாந்துச் சட்டம். வெளிநாட்டு வணிகர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் ஜூரியில் பாதிப் பேர் உள்ளூர்க்காரர், பாதிப் பேர் வெளிநாட்டார். ஐந்நூறு வருடத்துக்கு மேல் நடைமுறையில் இருந்து 1870-இல்தான் எடுத்தார்கள். அமெரிக்காவிலும் குடியேற்றக் காலத்தில் சில இடங்களில் இருந்திருக்கிறது. ஜூரி என்றால் ஆதியிலிருந்தே குடிமக்கள் சமாச்சாரம் என்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். கம்பளி வாங்க வந்த வெளிநாட்டுக்காரனுக்குக்கூட அவனைப் போன்ற வெளிநாட்டார் ஆறு பேரை உட்கார வைத்திருக்கிறார்கள். என் மதுரைக்காரச் சாட்சிக்கு அந்த ஆறில் ஒருவர் இருந்திருந்தால் சீட்டு எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. இந்த முறையை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம்.

பிப்ரவரி 12

இல்லை. கொண்டுவரக் கூடாது. நேற்று எழுதியதில் கடைசி இரண்டு வரியையும் வாபஸ் வாங்குகிறேன்.

சென்னையில் வக்கீலாக இருக்கும் என் அத்தை மகன் காலையில் போன் செய்து இல்பர்ட் மசோதாவை நினைவுபடுத்தினான். 1883. வெள்ளைக்காரர் மீதான குற்ற வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்று மசோதா. கல்கத்தா வெள்ளைக்காரர்களும் தோட்ட முதலாளிகளும் கொதித்து எழுந்தார்கள். கடைசியில் சமரசம் என்ன? வெள்ளைக்காரர் கேட்டால் ஜூரியில் குறைந்தது பாதிப் பேர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும். அதே பாதிக்குப் பாதி! இங்கிலாந்தில் அந்நியனைக் காக்க வந்த ஏற்பாடு, நம் ஊரில் ஆளுகிறவன் கூலியை அடித்தாலும் தப்பிக்கிற வழியாகிவிட்டது.

எனவே ஒதுக்கீடு வேண்டாம். எனக்கு வேண்டியது சாதாரணமானது. பட்டியலில் எல்லா ஊர்வாசியும் இருக்கட்டும், குலுக்கி எடுக்கட்டும். யார் வருகிறாரோ வரட்டும்.

(‘நம் நாட்டில் ஜூரி இருந்ததா’ என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இருந்தது. கடற்படை அதிகாரி நானாவதி மீதான 1959-இன் கொலை வழக்கில் பம்பாய் ஜூரி 8-1 என்று குற்றமற்றவர் என்றது, உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதன் பிறகு ஜூரி முறை மெல்ல ஒழிந்துபோயிற்று.)

பிப்ரவரி 13

லண்டன் அண்ணா மறுபடி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை.

இலங்கையில் ஜூரி இன்னும் இருக்கிறது, ஏழு பேர். எந்த மொழி பேசுகிற ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். நடராஜா ரவிராஜ், யாழ்ப்பாண மாவட்ட எம்.பி., 2006 நவம்பர் 10 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு பத்து வருடம் கழித்துத்தான் முடிவுக்கு வந்தது. சிங்களம் பேசும் ஜூரி வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்தது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டி, எல்லோரையும் விடுவித்தது. ஜூரியில் ஒரு தமிழர்கூட இல்லை.

‘அந்த ஏழு பேரும் என் நாட்டுக் குடிமக்கள்தான் தங்கச்சி, எனக்கும் அவையளுக்கும் ஒரே பாஸ்போர்ட்’ என்று எழுதியிருக்கிறார். குடியுரிமை ஒன்றாக இருந்துவிட்டால் ஜூரி எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்கிறவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். கொலையுண்டவர் வீட்டார் நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஏழு இருக்கையில் தங்கள் பேச்சுப் பேசுகிற ஒரு முகமும் இல்லை. மொழி பார்த்துப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு நான் நேற்று வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 15

என் வாதத்தில் பலவீனமான இடம் எது என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

கிரீன் கார்டை அரசு பறிக்க முடியும். சில குற்றங்களில் மாட்டினால் எத்தனை வருடம் இங்கே இருந்தாலும் நாடு கடத்தலாம். ஹோசே பாடில்லா என்பவர் 40 வருடத்துக்கு மேல் நிரந்தரவாசி, வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். போதைப்பொருள் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நாடு கடத்தும் நிலை வந்தது. ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று வக்கீல் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த மனிதரைப் போருக்கு அனுப்பலாம், ஜூரிக்கு அனுப்பக் கூடாதா என்று எனக்கு ஒரு பக்கம் பற்றிக்கொண்டு வருகிறது. இன்னொரு பக்கம், இப்படி எப்போதும் தலைக்கு மேல் கத்தி தொங்குகிற ஒருவர், அரசு வக்கீல் முகத்தைப் பார்த்து ‘நீங்கள் நிரூபிக்கவில்லை’ என்று சொல்வாரா? அரசை மறுத்துச் சொல்வதற்காகத்தானே ஜூரி என்ற ஒன்றே இருக்கிறது? பயந்தவர் 12 பேரில் ஒருவராக இருந்தால் இழப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

இதை நினைத்து மூன்று நாளாக என் கட்சியே ஆடிப்போயிற்று. கிரீன் கார்டில் இருந்தபோது நான் எப்படி இருந்தேன் என்று யோசித்தேன். போலீஸ் காரைப் பார்த்தால் சீட்டில் நிமிர்ந்து உட்காருவேன். அது உண்மை.

பிப்ரவரி 16

யோசித்ததில் எனக்குக் கிடைத்தது இது. எங்கள் ஜூரி அறையில் பயந்தவர் இல்லாமலா இருந்தார்கள்? ஒரு பையன், 19 வயது, முதல் நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. ஒரு அம்மா, வேலை போய்விடும் என்று மணிக்கொரு முறை கடிகாரம் பார்த்தார். அறைக்குள் யார் என்ன சொன்னார் என்று வெளியே யாருக்கும் தெரியாது, அந்தக் கதவு மூடியிருப்பதால்தான் அந்தப் பையன் மறுநாள் எல்லோரையும் விட உரக்கப் பேசினான். அப்புறம், ‘பயமாக இருக்கிறது, என்னால் நடுநிலையாக இருக்க முடியாது’ என்பவரை நீதிபதி கேள்வி கேட்டு அனுப்பிவிடும் வழி ஏற்கனவே இருக்கிறது. ஒருவருக்குப் பயம் என்றால் அவரை அனுப்பலாம். 30 லட்சம் பேருக்கும் பயம் என்று முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது.

முழுப் பதிலா இது? முக்கால் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 18

‘அப்படி அக்கறை இருக்கிறவர் குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? ஐந்து வருடத்தில் கொடுக்கிறார்கள்.’ இது நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

ஐந்து வருடம் கிரீன் கார்டு வந்த பிறகு. இந்தியாவில் பிறந்தவருக்கு வேலை வழியாகக் கிரீன் கார்டு வருவதற்கு எத்தனை வருடம் என்று இங்கே யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில் மாட்டி, குழந்தை பிறந்து கல்லூரிக்கே போய்விடுகிறது.

அப்புறம் இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. இதை வாங்கினால் அதைக் கொடுத்துவிட வேண்டும். என் வீட்டுக்காரர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். திருவையாறு பக்கம் அவர் அப்பாவின் நிலம் இருக்கிறது, குடியுரிமை மாற்றினால் அது கைவிட்டுப் போய்விடும் என்று வைத்திருக்கிறார். நான் வந்தது 16 வருடம் முன்னால், அவர் எனக்கும் மூன்று வருடம் முன்னால். பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கத்தில் அவர் இருக்கிறார், தெருவில் யார் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். இந்த ஊரைப் பற்றி என்னைவிட அவருக்கு நூறு மடங்கு தெரியும்.

பிப்ரவரி 19

ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார், நன்றி. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்கத்தான் கூடாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்த காரணம் செல்லாது. இதைச் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “நிலம் இல்ல. அம்மா இருக்கிற வரைக்கும் இந்த நீலப் பாஸ்போர்ட்ட விட மனசு வரல” என்றார்.

மாமியாருக்கு 81 வயது.

பிப்ரவரி 20

சின்னக் குறிப்பு. நேற்று 19-ஆம் தேதி என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. 1923 பிப்ரவரி 19 அன்றுதான் பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் ஆக மாட்டார், குடியுரிமை கிடையாது என்றது. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை போட்டவர் அவர். 1946-இல் சட்டம் மாறும்வரை கலிஃபோர்னியா வயல்களில் உழைத்த பஞ்சாபிக் குடியேறிகளுக்குக் குடியுரிமைக் கதவு மூடியிருந்தது, அதனால் ஜூரிக் கதவும். ‘குடிமக்கள் மட்டும்’ என்ற விதி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நிறத்தின் வேலையைச் செய்தது. இன்றைக்கு அந்தத் தடை இல்லை, தெரியும். ஆனாலும் குடியுரிமைக்குள் போகும் வரிசையில் யார் நிற்க வேண்டும், யார் சீக்கிரம் போகலாம் என்பது பிறந்த நாட்டைப் பார்த்துத்தான் இன்னும் நடக்கிறது.

பிப்ரவரி 25

இழையைத் தொடங்கியவர் எழுதியிருக்கிறார். அவர் மனைவி படிவத்தை அனுப்பிவிட்டாராம். கருத்து மாறவில்லை, ஆனால் ‘அண்ணன்’ கதையை மனைவியிடம் சொன்னதாகவும், அவர் ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசியதாகவும் சொல்கிறார். சந்தோஷம். கருத்து மாற வேண்டும் என்று நான் எழுதவில்லை.

எங்கள் வீட்டிலும் இந்த வாரம் ஒரு சம்மன் வந்தது, என் வீட்டுக்காரர் பெயருக்கு. சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ‘குடிமகன் அல்ல’ என்ற இடத்தில் குறியிட்டார். கையெழுத்து எப்போதும் தமிழில்தான் போடுவார், அதையும் போட்டார். கவரை ஒட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அந்த அண்ணன் கேஸுல நான் இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சிட்டிருந்தேன்.”

“என்ன பண்ணியிருப்பீங்க?”

“முதல்ல அந்த கேமராவ இன்னொரு தடவ போட்டுக் காட்டச் சொல்லியிருப்பேன். அப்புறம்தான் வாயத் திறந்திருப்பேன்.”

நாங்கள் 12 பேரும் அறைக்குள் போய் முதலில் கேட்டதும் அதுதான்.